ஒட்டி எடுக்க ஒரு கை

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காபித் தட்டை நீட்டிய கையைத்தான் பார்த்தார். கூச்சப்படுகிற பிள்ளை என்று எங்கள் அம்மா அங்கேயே உருகிப் போனாள். நைனாவுக்கும் பிடித்துவிட்டது. சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறியது கிடையாது. இதற்கு மேல் ஒரு பெண்ணைப் பெற்றவருக்கு என்ன வேண்டும்? எழுந்து போகும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொண்ணுக்குக் கை வேர்க்குமா?"

அம்மா நடுங்கிவிட்டாள். கை வேர்ப்பது ஏதோ வியாதிக்கு அடையாளம், அதைத்தான் மாப்பிள்ளை சுற்றி வளைத்துக் கேட்கிறார் என்று நினைத்தாள். "அய்யோ, அதெல்லாம் கெடையாது தம்பி. வெயில்ல நின்னுகினு நெல்லு காய வச்சாகூட அவ கை ஈரமாவாது" என்றாள். அவர் தலையை ஆட்டினார். சம்மதம் என்பதற்கு அவர் கொடுத்த அடையாளம் அதுதான். அந்தக் கேள்விக்கு அர்த்தம் எங்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் பெண் தேடி வரவில்லை, கை தேடி வந்திருந்தார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன், அக்கா எங்கள் வழக்கப்படி பெயர் சொல்லாமலே காலம் தள்ளினாள். நானும் அவர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவர் மாடல் செய்கிறவர். பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப் போகும். "பொம்ம இல்ல, மாடல். பெரிய பஸ்ஸுல எது எவ்ளோ தூரத்துல கீதோ, அந்தக் கணக்குல இதுலயும் இருக்கணும்" என்பார். மரத்திலும் தகரத்திலும் ரயில் எஞ்சின் செய்வார், பஸ் செய்வார், மிஷன் ஆசுபத்திரி வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் காரைச் செய்து அவருக்கே காட்டினார். கதவு திறக்கும், சக்கரம் சுற்றும். ஆனால் அதெல்லாம் ஒரு நல்ல தச்சனும் செய்துவிடுவான். அவருடைய உயிர் இருந்தது பெயின்டில். அதிலும் ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்குகிற கோட்டில். சிவப்பும் மஞ்சளும் சேருகிற இடத்தில் ஒரு மயிரளவு பிசிறு தெரிந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது.

கோடு நேராக வருவது தூரிகையில் இல்லை, பெயின்ட் படக்கூடாத இடத்தை மூடுவதில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. எதைக் கொண்டு மூடுவது என்று தேடியே அவர் பாதி ஆயுசைக் கழித்தார். பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் பழைய பேப்பரில் மைதாப் பசை தடவி ஒட்டுவார்கள். அதைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வரும். பசையின் ஈரம் மரத்தை உப்ப வைத்துவிடும், ஓரத்தில் பெயின்ட் உள்ளே நுழைந்துவிடும். பார்சலுக்கு ஒட்டுகிற கோந்துக் காகிதம் தண்ணீர் விடாமல் வராது. கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே நான் மிஷன் ஆசுபத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தேன், அவருக்கு என்னைத் தெரியும். கட்டுப் போட வைத்திருக்கிற பிளாஸ்திரியில் ஒரு துண்டு கொண்டு வரச் சொன்னார். கொண்டு போய்க் கொடுத்தேன். ஒட்டி உரித்ததும் அடியில் இருந்த பெயின்டும் சேர்ந்து மரம் வரைக்கும் வந்துவிட்டது.

"உங்க ஆசுபத்திரி பிளாஸ்திரி புண்ண மூடும். கோட்ட காப்பாத்தாது" என்று என்னைக் குற்றவாளி போலப் பார்த்தார். அதை நான்தான் தயாரித்தேன் போலும்.

பிறகு ஆசுபத்திரி துரையின் காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்க மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் ஒரு சுருள் இருந்தது. ரஸ்க் நிறத்தில், சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்த காகிதம், ஒரு பக்கம் மட்டும் பிசின். மாஸ்கிங் டேப் என்றார்கள். வேலை முடிந்து மிஞ்சியதைத் துரை இவரிடம் கொடுத்துவிட்டார். அதை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார், காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கிழித்துச் சத்தம் கேட்டார். எங்கள் வார்டில் தகப்பன்மார் முதல் பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்த டேப்பிலும் அவர் குறை கண்டுபிடித்தார். ஓரம் பஞ்சு மாதிரி இருக்கிறதாம். அதனால் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, இரும்பு ஸ்கேலை வைத்து, சவர பிளேடால் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஓரம் எடுப்பார். அடுத்த குறை, பிசின் அதிகம். இரண்டு நாள் முன்னால் அடித்த பெயின்டின் மேல் அப்படியே ஒட்டினால் உரிக்கும்போது அதைப் பிய்த்துக்கொண்டு வரும். பிசினைக் கொஞ்சம் கொல்ல வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, முதலில் மனுஷத் தோலில் ஒரு தரம் ஒட்டி எடுப்பது.

"தோல்லதான் அளவான சூடு கீது, அளவான எண்ண கீது. வேற எதுலயும் இந்தப் பக்குவம் வராது" என்பார்.

அவர் கையில் ஒட்ட முடியாது. தோள்பட்டையிலிருந்து விரல் முட்டி வரைக்கும் கரடி மாதிரி மயிர். டேப்பில் மயிர் ஒட்டினால் கோடு போச்சு. ஆகையால் முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வரும்.

"கையைக் காட்டு."

அக்கா அடுப்படியிலிருந்து வருவாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வரிசையாகத் துண்டுகளை ஒட்டுவார். ஒட்டிவிட்டுப் பெயின்டைக் கலக்கப் போய்விடுவார். அவள் அசையக் கூடாது. பால் பொங்கும், பிள்ளை அழும், வாசலில் கீரைக்காரி கூவிவிட்டுப் போய்விடுவாள். அவர் திரும்பி வந்து ஒவ்வொன்றாக உரித்து எடுப்பார். உரித்ததும் அந்தக் கையைக் கீழே வைக்கச் சொல்லக்கூட மாட்டார். கை அந்தரத்தில் நிற்கும்.

அதன் பிறகு அவர் செய்வது எல்லாமே அழகு. இதையும் சொல்லிவிட வேண்டும். துண்டை மாடலில் ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீவி விடுவார். அடியில் இருக்கிற நிறத்தையே முதலில் ஓரத்தில் லேசாகப் பூசுவார். உள்ளே கசிவதானால் அதே நிறம் கசிந்து சந்தை அடைத்துக்கொள்ளட்டும் என்று. அதன் மேல் புது நிறத்தை மெல்லிசாக, டேப்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து அடிப்பார். முழுக்கக் காய விடமாட்டார். பதம் பார்த்து, டேப்பை அதன் முதுகோடு மடித்து, நத்தை போகிற வேகத்தில் உரிப்பார். உரிக்கும்போது நான்கு பேர் பார்க்க வேண்டும். "வாங்க, வாங்க, வந்து பாருங்க" என்று தெருவில் போகிறவரைக்கூடக் கூப்பிடுவார். கோடு கத்தியால் கீறினது போல நேராக இருக்கும். நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அந்தக் கோடு கோணலாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வளையல் விஷயத்துக்கு வருகிறேன். டேப் ஒட்டுகிற கையில் வளையல் இருந்தால் இடிக்கும். கல்யாணமான புதிதிலேயே இடது கை வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் உடைகிறது என்று அக்கா அதைப் போடுவதையே விட்டுவிட்டாள். வலது கை நிறையக் கண்ணாடி வளையல், இடது கை வெறுங்கை. எங்கள் சபையில் பெரிய நகை யாரும் போடுவதில்லை. ஆனாலும் கட்டிய பெண்ணுக்கு இரண்டு கையிலும் கண்ணாடி வளையலாவது இருக்க வேண்டும். எங்கள் அம்மா முதல் தடவை அவளைப் பார்க்க வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, ஒரு கை மூளியா கீது? பாதி தாலியறுத்தவ மாதிரி நிக்கிற. பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

அக்கா சிரித்தாள். "அவருக்கு என் கையில ஒட்டினாத்தான்மா கோடு நேரா வருதாம். வேற யார் கையும் ஆவாதாம்."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவள் கறுப்பு என்று சொந்தக்காரர்கள் கழித்தார்கள், படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தில் கழித்தார்கள். பாட்டு வராது என்று கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில்கூடச் சேர்க்கவில்லை. முதல் முறையாக ஒருவர் அவளிடம் இருக்கிற ஒன்று உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை என்றார். அது கையானால் என்ன, காலானால் என்ன? அவள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்தால் எனக்கும் சில சமயம் அப்படித்தானோ என்று தோன்றும்.

அவள் பெண் பிறந்த நாளைச் சொன்னால் உங்களுக்கும் புரியும். வலி கண்டபோது அவள் கையில் துண்டுகள் ஒட்டியிருந்தன. "கொஞ்சம் பொறு, இன்னும் ரெண்டுதான்" என்று உரித்து முடித்துவிட்டுத்தான் ஜட்கா வண்டி கூப்பிடப் போனாராம். வார்டுக்கு வந்தவள் கையில் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விட்டுப் போயிருந்தது. நான்தான் அதை உரித்துக் குப்பையில் போட்டேன். பிள்ளை பிறந்து, குளிப்பாட்டி, வெளியே வந்து, "பொண்ணு மாமா" என்றேன். சந்தோஷம் என்றார். ஜெபம் செய்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ கையில ஒரு துண்டு இருந்திச்சே, அத எங்க வச்சே?" என்று கேட்டார். குப்பையில் போட்டேன் என்றதும் அவர் முகத்தில் வந்த வருத்தம் பொய்யில்லை. அந்தச் சுருள் தீர்ந்தால் அடுத்தது எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

துரை புண்ணியத்தில் பிறகும் சில சுருள்கள் வந்தன. ஜெர்மன்காரன் சண்டை வந்ததும் எல்லாம் நின்றது. கப்பலில் மருந்தே வராத நாளில் டேப்புக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்துத்தான் திருப்பதியிலிருந்து ஒரு பஸ் முதலாளி ஆள் அனுப்பினார். தன்னுடைய பஸ் மாதிரியே ஒரு மாடல் வேண்டும், பஸ் ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே ஓடின. அந்த அடுப்பு இல்லாமல், பழைய களையோடு, சிவப்பு உடம்பில் மஞ்சள் பட்டையும் முன்னால் நாமமும் போட்டு வேண்டும் என்றாராம் முதலாளி. நாமம் போடுகிறோமே, பாஸ்டர் ஏதாவது சொல்லப் போகிறார் என்று அக்கா பயந்தாள். "எனக்கு அது மூணு கோடு. ரெண்டு வெள்ள, நடுவுல ஒரு சிவப்பு" என்று முடித்துவிட்டார். அவருக்கு எல்லாமே கோடுதான். எதுவும் சாமியும் இல்லை, மனுஷனும் இல்லை.

டேப் இல்லாத குறைக்குத் தானே டேப் செய்யத் தொடங்கினார். மெல்லிய டிரேசிங் காகிதத்தில், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவிக் காய வைத்தார். காட்டமான நாற்றம். அதையும் அக்கா கையில் ஒட்டி ஒட்டி எடுத்தார். முதல் வாரம் சிவந்தது. அடுத்து அரித்தது. பிறகு கொப்புளம் கிளம்பி நீர் வைத்து உடைந்தது. ஆசுபத்திரிக்கு அவள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தபோது எனக்கு விஷயம் தெரியாது. மேலே சுருட்டிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து பட்டை பட்டையாகப் புண். துண்டு எத்தனை அகலமோ அத்தனை அகலம். புண்ணுக்குக்கூட ஓரம் நேராக இருந்தது.

களிம்பு தடவிக் கட்டினேன். "இனிமே கைய நீட்டாத அக்கா, சீழ் வச்சிரும்" என்றேன்.

"துரைக்கு டேப் வர்ற வரைக்கும்தாண்டி. திருப்பதி வேல முடியணும் இல்ல."

அன்று சாயங்காலமே நான் அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

"அவ கையப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேனே" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "இந்தக் கை வீணாப் போச்சும்மா."

இந்தக் கை. அவள் கை என்றுகூட வாயில் வரவில்லை. சொல்லிவிட்டு என் கையை ஒரு பார்வை பார்த்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் சபையில் இருக்கிறார்கள். குரலை உயர்த்தினது கிடையாது, கை நீட்டி அடித்தது கிடையாது. அடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது அழுதிருப்பாள்.

மாடலைத் திருப்பதிக்குக் கொண்டு போய் அங்கேயே மஞ்சள் பட்டை அடித்து, முதலாளி கண் முன்னால் உரித்துக் காட்டுவது என்று அவர் திட்டம். உரிப்பதை நான்கு பேர் பார்க்க வேண்டுமே. அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் செல்லி அப்போது ஹைஸ்கூலுக்கு வந்திருந்தாள். புண்ணோடு அக்கா போகிறாளே என்று நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். பாகாலா ஜங்ஷனில் ரயில் நின்றபோது அவர் எங்கள் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். மகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. "எண்ணக் கை ஆயிடும், அப்புறம் துன்னலாம்" என்றார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. அக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். திருப்பதி வரும் வரைக்கும் அவள் தன் வடையையும் தின்னாமல் மடியில் வைத்திருந்தாள்.

பஸ் ஷெட்டில் ஒரு மேஜையைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். முதலாளி, குமாஸ்தா, டிரைவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் பெட்டியைத் திறந்து சிவப்புப் பஸ்ஸை எடுத்து வைத்ததும் எல்லாரும் ஆகா என்றார்கள். கண்ணாடித் துண்டை வைத்தார், ஸ்கேலை வைத்தார், பிளேடை எடுத்து டேப்புக்கு ஓரம் வெட்டினார். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"செல்லி, கையைக் காட்டு."

மகள் என்னைப் பார்த்தாள். அவள் கை மெல்ல எழுந்தது. அதற்குள் அக்கா நடுவில் வந்து உட்கார்ந்து தன் இடது கையை மேஜை மேல் வைத்துவிட்டாள். கட்டை அவிழ்த்துத் துண்டால் களிம்பைத் துடைத்திருந்தாள். அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. கையை இப்படியும் அப்படியும் திருப்பி, முழங்கைக்குக் கீழே புண் இல்லாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார். இருந்த இடத்தில் துண்டுகளை நெருக்கி ஒட்டினார். உரிக்கும்போது பக்கத்திலிருந்த பொருக்கும் சேர்ந்து வந்தது. அக்கா சத்தம் போடவில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

துடைத்த களிம்பு முழுக்கப் போகவில்லை. டேப்பின் பிசினில் அது ஏறிவிட்டது. எண்ணெய்ப் பசை இருந்தால் ஓரம் பிடிக்காது என்று அவருக்குத் தெரியாதா? அவசரம், சுற்றி ஆட்கள். மஞ்சளை அடித்தார், பதம் பார்த்தார், எல்லாரையும் நெருங்கி வரச் சொல்லிவிட்டு உரித்தார். கோடு ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது. மஞ்சள் சிவப்புக்குள் ஓடியிருந்தது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கோடு அவர் கையிலிருந்து வந்ததில்லை.

அவரே முந்திக்கொண்டு பேசினார். "என் மேல தப்பு இல்லைங்க. இவ கையில களிம்பு."

முதலாளி அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். "ஏமைந்தம்மா? கைக்கு இன்னா ஆச்சு?" என்று பதறிப்போய் அக்காவைக் கேட்டார்.

அவளைக் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். உற்சாகமாகவே சொன்னார். டேப்பில் பிசின் எப்படி இருக்க வேண்டும், தோலில் ஒட்டி எடுத்தால் எப்படிப் பக்குவப்படும், வேர்க்காத கையாக ஏன் இருக்க வேண்டும், எல்லாம். குமாஸ்தா உம் கொட்டினார். சொல்லி முடித்துவிட்டு, "ஒண்ணும் பிரச்சன இல்ல. தொடச்சிட்டு மறுபடி அடிச்சிடலாம். செல்லி, நீ வா" என்றார்.

"அவ கை வேணா" என்றாள் அக்கா.

அவ்வளவு வருஷத்தில் அவள் அவரிடம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவருக்குப் புரியவில்லை. "உன் கைதான் ஆவலயே" என்றார்.

"உங்க கைக்கு இன்னா?"

"என் கையில மயிரு கீதே. தெரியாதா உனக்கு?"

"பிளேடு உங்க கையிலதானே கீது. மழிச்சிக்கோங்க."

நான் திடுக்கிட்டுப் போனேன். எத்தனை வருஷம் அந்தப் பிளேடு அவர் விரலிடுக்கில் இருந்திருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை, எங்கள் அம்மாவுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியதா, இத்தனை நாளும் உள்ளே வைத்திருந்தாளா, நான் கேட்டதில்லை.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு டிரைவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஆம்பள கைய மழிச்சிகினு நான் பள்ளிக்கூடம் போவணுமாம். பசங்க சிரிக்க மாட்டானுங்க?"

டிரைவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இவருக்கு வேறு வழியில்லை. முன்னால் கிடந்த கண்ணாடித் துண்டில் டேப்பை ஒட்டினார், எடுத்தார். மறுபடி ஒட்டினார், எடுத்தார். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மாடலில் ஒட்டினார். கெட்டுப்போன பட்டையைத் துடைத்து, சிவப்பைச் சரி பண்ணி, பழையபடி மஞ்சளை அடித்தார். நாங்கள் எல்லாரும் மறுபடி காத்திருந்தோம். உரித்தார்.

கோடு கத்தியால் கீறினது போல நேராக இருந்தது.

"அட, கண்ணாடியே போதும்போல கீதே!" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். முதலாளி தட்டிக் கொடுத்தார். மாமா கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று தலையில் தட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். டேப் உரிக்கும்போது சத்தம் போடாதவள், அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். புண் ஆறிவிடும். அவள் கை இல்லாமலும் கோடு நேராக வரும் என்பது எதைத் தடவினால் ஆறும்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கையைக் காட்டு என்ற சத்தம் கேட்கவில்லை. கண்ணாடி இருந்தது. ஜெர்மன்காரன் சண்டை முடிந்து நல்ல டேப்பும் வந்தது. அக்கா கையில் தோல் வளர்ந்துவிட்டது, பட்டை பட்டையாக வெளுத்த தழும்போடு. எங்கள் அம்மா கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வந்து, "இப்பவாவது போடுடி" என்று கெஞ்சினாள். அவள் போட்டுக்கொள்ளவில்லை. பழகிவிட்டது என்றாள். எனக்கும் ஒரு தரம் அதையே சொன்னாள். என்ன பிடிவாதம் இது என்று எனக்குக் கோபமாக வந்தது.

அவர் கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி எங்கள் ஆசுபத்திரியில்தான் கிடந்தார். டர்பன்டைனையும் பெயின்டையும் எத்தனை வருஷம் மூச்சில் இழுத்தாரோ. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம், நான் காய்ச்சல் டிகிரி பார்க்கப் போனபோது, அவர் கண்ணைத் திறந்து, "கையைக் காட்டு" என்றார். அவள் இடது கையை நீட்டினாள். அவர் கட்டைவிரல் நகத்தால் மணிக்கட்டிலிருந்து மேலே மெல்ல நீவினார். அவள் அசையாமல் இருந்தாள். எதையோ எதிர்பார்க்கிற முகம் அது.

"நல்ல கை. வேர்க்காது" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

இரண்டு நாளில் போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவருடைய தங்கை வந்து, அழுதுகொண்டே அக்காவின் வலது கை வளையலைக் கழற்றினாள். பழக்க வேகத்தில் இடது கையையும் பிடித்தாள். அங்கே கழற்ற ஒன்றும் இல்லை. சட்டென்று விட்டுவிட்டாள். அக்கா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். வளையல்காரர் கடையில் போய் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். கடைக்காரர் அவள் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். பச்சையில ஒரு டஜன் போடு."

"அக்கா, இன்னா பண்ற? சபையில பேசுவாங்க" என்றேன்.

"பேசட்டும்டி. இத்தினி வருசம் மூளிக் கையோட இருந்தேனே, அப்பவும்தானே பேசனாங்க?" அவள் என்னைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கண்ணாடி வந்தப்புறம் ஒரு நாளாச்சும், இனிமே வளையல் போட்டுக்கோ அப்டின்னு சொல்வாருன்னு பாத்துகினே இருந்தேன். ஆசுபத்திரியில கைய நீவுனாரே, அப்போகூட சொல்லிடுவாருன்னுதான் நெனச்சேன்."

வளையல்காரர் தயங்கித் தயங்கி அவள் விரல்களை மடக்கிப் பிடித்தார். தழும்பின் மேல் கண்ணாடி உரசியது. நோகுமே, கொஞ்சம் பெரிய அளவு எடுக்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்" என்றாள் அக்கா. "இறுக்கமாவே போடு. இது எடுக்கறதுக்கு இல்ல."